வட்டி இறங்கினால் வீட்டு விலை ஏறுமா? கொக்குவில் வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

கொக்குவிலிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 46. திருமணத்தின்போது பெற்றோர் 2 பரப்புக் காணியைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். அதில் கட்டிய வீட்டுக்கு 2023 இறுதியில் வங்கிக் கடன் எடுத்து மேல்மாடி போட்டார்கள். வட்டி 15.5 சதவீதம், ஐந்து வருடத்துக்கு மாறாத வட்டி. இன்று நிலுவை 62 இலட்சம், இன்னும் 12 வருடம் கட்ட வேண்டும், மாதம் 95,000 ரூபாய் போகிறது. "வட்டி குறைஞ்சிட்டுது, இப்ப வித்தால் நல்ல விலை போகும்" என்று தரகர் சொல்லி இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார். ஒருவர் உள்ளூர் ஆசிரியர், வங்கிக் கடனில் வாங்க இருப்பவர், 3 கோடி 20 இலட்சம் சொல்கிறார், ஆனால் காணி உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) 2 கோடி என்று எழுதச் சொல்கிறார். மற்றவர் கணவரின் மச்சான், கனடாக் குடியுரிமை உள்ளவர், முழுக்காசு. கிணறும் ஒழுங்கையும் உள்ள 4 குளி நிலம் இவருக்கும் பிரான்சிலுள்ள தமையனுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. விற்ற காசில் கடனை அடைத்து, மானிப்பாய்ப் பக்கம் ஒன்றரைக் கோடிக்குச் சிறிய வீடு வாங்கி, மிச்சம் ஒரு கோடியை நிலையான வைப்பில் போட்டு வட்டியில் சீவிக்கலாம் என்பது திட்டம். "வட்டி குறைந்தும் என் வங்கி குறைக்கவில்லை, இது ஏமாற்று இல்லையா? உறுதி என் பெயரில்தானே, நான் மட்டும் ஒப்பம் வைத்தால் போதாதா?" என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

தரகர் சொன்னதில் பாதி சரி. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் துணைநில் கடன் வழங்கல் வீதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 16.5 சதவீதத்தில் நின்றது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற புதிய முறைக்கு மாறியபோது அந்தப் புதிய வீதம் 8 சதவீதம், 2025 மே மாதத்தில் 7.75 சதவீதம். வீட்டுக்கடன் வட்டியும் அதன் பின்னால் இறங்கியது. மாதம் ஒரு இலட்சம் கட்டக்கூடிய ஒருவர் 20 வருடத் தவணையில் 18 சதவீத வட்டிக்கு ஏறக்குறைய 65 இலட்சம்தான் கடன் எடுக்கலாம். அதே தவணை 11 சதவீதத்தில் 97 இலட்சத்தைத் தாங்கும். வாங்குபவரின் கை 32 இலட்சத்தால் நீளுகிறது. நேற்றுவரை உங்கள் படலைப் பக்கம் வராத ஆசிரியர் இன்று வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த 32 இலட்சமும் உங்கள் மடியில் விழுந்துவிடும் என்பதுதான் சரியில்லாத மற்றப் பாதி. உங்களைப் போலவே வேறு பலரும் இப்போது விற்க நினைப்பார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் மானிப்பாய் வீட்டின் சொந்தக்காரருக்கும் ஒரு தரகர் இதே செய்தியைச் சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் வாங்குகிறவர்களும் ஏராளம், அவர்களுக்கு வங்கி வட்டியைவிட டொலர், யூரோவின் மதிப்புத்தான் கணக்கு. ஆகவே வட்டி இறங்கியதால் உங்களுக்குக் கிடைப்பது கேட்டு வருகிறவர்களின் எண்ணிக்கை. விலை அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் தரகர் சொல்லியிருக்க மாட்டார். கடனில் வாங்குபவர் வந்தால் அவரோடு வங்கியின் சட்டத்தரணியும் வருவார். கைக்காசில் வாங்கும் உறவினர் கண்டும் காணாமல் விடுகிற குறைகளை அவர் விடமாட்டார். உங்கள் கடிதத்தில் அப்படி மூன்று குறைகள் தெரிகின்றன, கீழே வருகிறேன்.

முதலில் உங்கள் கடன்

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. மாறும் வட்டி என்றால் சந்தையோடு ஏறி இறங்கும். நீங்கள் எடுத்தது ஐந்து வருடம் மாறாத வட்டி. அந்தக் காலத்தில் வட்டி ஏறியிருந்தாலும் வங்கி உங்களிடம் கூட்டிக் கேட்டிருக்க முடியாது, இறங்கும்போது தானாகக் குறைக்க வேண்டிய கடமையும் அதற்கில்லை. ஆனால் கேட்டால் குறைக்கலாம். பலர் கேட்பதேயில்லை.

வீட்டை விற்கும் எண்ணத்துக்கு உங்களைத் தள்ளியது அந்த 95,000 ரூபாய் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அப்படியென்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 62 இலட்சம், 12 வருடம், வட்டி 11.5 சதவீதம் என்றால் தவணை ஏறக்குறைய 79,500. மாதம் 15,500 மிச்சம். வேறு வங்கிக்கு மாற்றினால் பழைய வங்கி முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் கேட்கும். அது எத்தனை சதவீதம் என்பது உங்கள் கடன் வழங்கல் கடிதத்தில் இருக்கும். 3 சதவீதம் என்று வைத்தால் 1 இலட்சத்து 86 ஆயிரம். புதிய ஈட்டு உறுதி (அடமானப் பத்திரம்), மதிப்பீடு, உரித்து ஆய்வு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 3 இலட்சம் வந்தாலும் இருபது மாதத்தில் அது திரும்பிவிடும், மிச்சம் பத்து வருடமும் உங்களுக்கு இலாபம். வேறொரு வங்கியின் எழுத்துமூலமான வட்டி வீதத்தை வாங்கிக்கொண்டு முதலில் உங்கள் சொந்த வங்கி முகாமையாளரிடம் போங்கள். அங்கேயே குறைத்தால் புதிய ஈட்டு உறுதிச் செலவு பெரும்பாலும் மிஞ்சும்.

விற்றாலும் அந்த முன்தீர்ப்புக் கட்டணம் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அது இல்லை.

வைப்பு வட்டி என்னும் கனவு

உங்கள் அக்கா 2023 தொடக்கத்தில் வைப்பில் போட்டு 20 சதவீதத்துக்கு மேல் எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கடன் வட்டியும் உச்சத்தில் நின்ற காலம். கடன் வட்டி இறங்கியதால் விற்கப் போகிறேன், ஆனால் வைப்பு வட்டி அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது. இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய வாளிகள்.

3 கோடி 20 இலட்சத்தில் கடன் 62 இலட்சம், மேலே சொன்ன கட்டணம், மானிப்பாய் வீடு ஒன்றரைக் கோடி, அதை வாங்குவதற்கு நீங்கள் கட்டும் முத்திரைத் தீர்வை 5 இலட்சத்து 99 ஆயிரம் (முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம்), தரகு, நொத்தாரிசுக் கட்டணம் எல்லாம் போனால் கையில் நிற்பது 90 முதல் 95 இலட்சம். 95 என்றே வைப்போம். 8 சதவீதத்தில் வருடம் 7 இலட்சத்து 60 ஆயிரம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. போக மாதம் 57,000 ரூபாய். (உங்கள் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டதென்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம்.) கடன் தவணை இல்லாத வீடும் மாதம் ஐம்பதாயிரத்துச் சொச்சமும் சிறிய விஷயம் அல்ல. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஒன்றரை இலட்சம் வராது. கணவரோடு இருந்து இந்த எண்ணை வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

விற்பதென்று முடிவானால்: அந்த மூன்று குறைகள்

முதலாவது கணவரின் ஒப்பம். சீதனக் காணி உங்கள் தனிச்சொத்துத்தான், அதில் ஐயமில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுச உரிமைக் கட்டளைச்சட்டம் விதித்தது. நியாயமான விதியா என்பது வேறு பேச்சு, என் மனதுக்கும் அது உவப்பானதல்ல. வங்கிச் சட்டத்தரணி உறுதியில் அந்த ஒப்பத்தைத்தான் முதலில் தேடுவார். கணவர் ஊரிலேயே இருப்பதால் உங்களுக்கு இது ஒரு மணி நேர வேலை.

இரண்டாவது, எல்லாவற்றிலும் பெரியது, அந்த 4 குளி. ஒரு பரப்புக்கு 18 குளி, ஒரு பரப்பு 10 பேர்ச், ஆக 4 குளி என்பது 2 பேர்ச்சுக்குச் சற்று மேல். பார்வைக்குச் சுண்டங்காய். ஆனால் 2 பரப்பு வளவுக்கும் ஒரே வாசல் அதுதான். பழைய உறுதியை எடுத்து அட்டவணையைப் பாருங்கள். "வழி வாய்க்கால் உரித்தும் கிணற்றில் பங்கும்" என்று ஒரு வரி இருக்கும். எத்தனை அடி அகலம், எந்தப் பக்கத்தால், வாகனம் போகலாமா என்று ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் சைக்கிள் போனால் போதும். இன்றைய வங்கி, உரிமம் பெற்ற நில அளவையாளரின் படத்தில் பாதை தனித் துண்டாகக் குறிக்கப்பட்டு அகலத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்கும். பாதை சட்டப்படி உறுதியாகாத வீட்டை ஏலத்தில் விற்கவும் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரிபடாப் பங்கு என்பதால் தமையனுக்கு முன்வாங்கும் உரிமையும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்கல் கட்டளைச்சட்டம் அது. அவருக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் உங்கள் பங்கை அந்நியருக்கு எழுதினால், பிறகு அவர் நீதிமன்றம் போய் அந்தப் பங்கைத் தனக்குத் தரும்படி கேட்கலாம். "அண்ணா அப்படிச் செய்யமாட்டார்" என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்குபவரின் வங்கிக்கு உங்கள் அண்ணாவைத் தெரியாது.

தீர்க்க இரண்டு வழி. தமையன் தன் அரைப்பங்கை உங்களுக்கு நன்கொடை உறுதியாக எழுதினால் வளவு முழுவதும் ஒரே கையில் வந்துவிடும், இதுதான் சுத்தமான வழி. அவருக்கும் பக்கத்தில் காணி இருந்து கிணறு வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து பாகப்பிரிவினை உறுதி முடித்து, பாதை அகலத்தையும் கிணற்று உரிமையையும் படத்தோடு அதில் எழுதுங்கள்.

மூன்றாவது மேல்மாடி. கட்டிட அனுமதி எடுத்தோம் என்கிறீர்கள். வேலை முடிந்தபின் பிரதேச சபையில் இணக்கச் சான்றிதழ் (அனுமதித்தபடியே கட்டியதாகச் சொல்லும் சான்றிதழ்) எடுத்தீர்களா என்று எழுதவில்லை. பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டீர்கள், நம்மூரில் அனுமதியோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். படத்தில் இல்லாத ஒரு அறையோ படிக்கட்டோ மேலதிகமாக இருந்தால் திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிவரும், அதற்கு நாளெடுக்கும். அதே பயணத்தில் வீதி எல்லைச் சான்றிதழுக்கும் உரிமைச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்து, சோலைவரி நிலுவையையும் கட்டிவிடுங்கள்.

"2 கோடி என்று எழுதுவோம்" என்பது

வேண்டாம். இது யாருக்கு இலாபம் என்று பாருங்கள். முத்திரைத் தீர்வை கட்டுபவர் வாங்குபவர். 3 கோடி 20 இலட்சத்துக்கு அது 12 இலட்சத்து 79 ஆயிரம், 2 கோடிக்கு 7 இலட்சத்து 99 ஆயிரம். மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. மாகாண இறைவரியினர் சந்தைப் பெறுமதியைப் பார்த்து மேலதிகமாகக் கேட்கலாம். உறுதிக்கு வெளியே வரும் 1 கோடி 20 இலட்சத்துக்கு உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. அதைக் காசாக வங்கியில் போடப் போனால், 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் வரும் காசுப் பரிமாற்றங்களை வங்கி நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் உறுதியே உங்களுக்கு எதிராக நிற்கும். போதாததற்கு, வங்கி கடன் கொடுப்பது உறுதி விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததை வைத்துத்தான். 2 கோடி என்று எழுதினால் ஆசிரியருக்குக் கிடைக்கும் கடனே சுருங்கி, கடைசியில் பேரம் முறியும்.

மூலதன ஆதாய வரிக்கு (சொத்தை விற்று வரும் இலாபத்துக்கான வரிக்கு) பயந்து நீங்களும் இதற்குத் தலையாட்டியிருந்தால், அந்தப் பயம் தேவையில்லை. விற்பதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் நீங்கள் குடியிருந்த பிரதான வதிவிடத்துக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் விலக்களிக்கிறது. நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். சோலைவரி, மின்பட்டியல், வாக்காளர் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் வையுங்கள். வீட்டை இப்போதே வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஆறுதலாக விற்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு வருடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனடா மச்சான்

முழுக்காசு என்பது ஆசைகாட்டும். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டத்தின்படி வெளிநாட்டவருக்குக் காணியை விற்று எழுத முடியாது, எழுதினாலும் அந்த உறுதிக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. இங்கே பிறந்தவர் என்றாலும் கனடாக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். நிரந்தர வதிவிட அட்டை மட்டும் வைத்திருந்து இலங்கைக் குடியுரிமை இன்னும் இருந்தால் வாங்கலாம். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தாலும் வாங்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். "தற்சமயம் தங்கச்சியின் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவோம்" என்று பதில் வந்தால், அது அவர்களுக்குள் வரப்போகும் வழக்கு. நீங்கள் அதில் சாட்சியாக ஏற வேண்டாம்.

கடன் இருக்கும்போது விற்பது எப்படி

கடனைக் கட்டி முடித்தால்தான் விற்கலாம் என்று பலர் நினைப்பார்கள். தேவையில்லை. வரிசை பிசகாமல் செய்தால் வாங்குபவரின் காசிலேயே ஈடு மீளும்.

வாய்ப்பேச்சு முடிந்ததும் விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். வெள்ளைத்தாளில் "அச்சவாரம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி முத்திரை ஒட்டி ஒப்பம் வைப்பது இங்கே வழமை. காணி விடயத்தில் அது நீதிமன்றத்தில் உடன்படிக்கையாக நிற்காது, 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் இடம் கொடுக்காது. உடன்படிக்கையில் மூன்று மாதத் தவணை போட்டு, வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் அச்சவாரம் முழுவதும் திரும்புமா, ஒரு பகுதி மட்டுமா என்று இலக்கத்தில் எழுதுங்கள். சண்டைகள் தொடங்குவது அந்த வரி இல்லாத இடத்தில்தான்.

பிறகு உங்கள் வங்கியிடம் தீர்ப்பனவுக் கடிதம் கேளுங்கள். குறித்த நாளில் எவ்வளவு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு வட்டி, காசு வந்தால் ஈட்டை விடுதலை செய்து மூல உறுதிகளைத் தருவோம் என்ற உறுதிமொழி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாங்குபவரின் வங்கி இதை வைத்துத்தான் காசோலையை இரண்டாகப் பிரிக்கும், ஒன்று உங்கள் வங்கிக்கு, மற்றது உங்களுக்கு. உறுதி முடிக்கும் நாளில் முதலில் ஈடு விடுதலை, அடுத்து அறுதி உறுதி (விற்பனை உறுதி), அதன்மேல் வாங்குபவரின் புதிய ஈடு. காணிப்பதிவகத்துக்கும் இதே வரிசையில் போக வேண்டும், ஏனென்றால் அங்கே முந்திப் பதிந்தது முந்தும். முழுக்காசும் கணக்கில் விழும்வரை திறப்பைக் கொடுக்காதீர்கள், "சாமான் மட்டும் இறக்கி வைக்கிறோம்" என்றாலும்.

எதை முதலில் தொடங்குவது என்று கேட்டால், இந்தக் கிழமை வங்கியில் குறைத்த வட்டி வீதமும் தீர்ப்பனவுத் தொகையும் எழுத்தில் கேளுங்கள். அதோடு தமையனுக்குத் தொலைபேசி எடுங்கள், விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த 4 குளி தீர்க்கப்பட வேண்டியது. அங்கிருந்தே செய்வதானால் பரிசிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தில் (தன் சார்பில் ஒப்பம் வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) ஒப்பம் வைத்து அனுப்பி, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திரும்ப அனுப்ப நேரும். அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நில அளவையாளரை இப்போதே பிடித்துப் படத்தைத் தயாராக வையுங்கள். வந்து நிற்கும் நாட்களில் ஒரு காலைப்பொழுது அவர் நேரில் நொத்தாரிசிடம் வந்து ஒப்பம் வைத்துவிட்டுப் போகலாம். வரும்போது தேசிய அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.